வாங்க என்று சொல்லாதவர்

முதல் முறை நான் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது என் கையில் சேமியா பாயசக் கிண்ணம் இருந்தது. டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் புதிதாகக் குடிவந்திருந்தோம். எதிர்வீட்டில் தமிழ்ப் பெண் ஒருவர் தனியாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவர் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நான் 'வாங்க' என்ற சொல்லுக்காக நின்றேன். நம் ஆட்களுக்கு அந்த ஒரு சொல் காதில் விழாமல் வாசற்படியைத் தாண்டக் கால் எழாது. அவர் அதைச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். மாடிப்படி முகப்பில், நான் நின்ற இடத்திலேயே, என் தோளோடு தோளாக வந்து நின்றார். பிறகு என் முழங்கையை லேசாகப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே போனோம், ஏதோ அது இரண்டு பேருக்குமே புது வீடு என்பதுபோல.

அன்றைக்கு அதை வெட்கம் என்று நினைத்தேன். பிறகு திமிர் என்று நினைத்தேன். காலனியில் இருந்த மற்ற தமிழ்க் குடும்பங்கள் திமிர் என்ற இடத்திலேயே நின்றுவிட்டன.

"ஆத்துக்கு வந்தவாள வாங்கோன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய்லேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?" என்பார் கீழ்வீட்டு மாமி. தஞ்சாவூரை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் நாக்கில் தஞ்சாவூர் அப்படியே இருந்தது. "நான் கொலு வெச்சுண்டு ஊரையே கூப்பிடறேன். அவ கொலு பாக்க வருவா, தாம்பூலம் வாங்கிப்பா, ஒரு நாளாவது நம்மாத்துக்கு வாங்கோன்னிருக்காளோ? அச்சா, படிச்சவா அப்படித்தான் போலருக்கு."

படித்தவர்தான். எதிர்வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இயற்பியலில் ஆராய்ச்சி செய்ய டெல்லிக்கு வந்தவர். அவர் கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருந்து, பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். அப்படி இறந்தால் மனைவிக்குக் கருணை அடிப்படையில் ஒரு குமாஸ்தா வேலை தருவார்கள். குவார்ட்டர்ஸில் தங்க அதுவே வழி. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு அந்த வேலையில் சேர்ந்தார். கணவர் உட்கார்ந்த அறையைத் தாண்டித்தான் தினமும் தன் மேஜைக்குப் போக வேண்டும் என்று ஒருமுறை சொன்னார், மழை வருகிறது என்று சொல்கிற குரலில்.

இதெல்லாம் என் மகள் அபிக்கு நாலைந்து வயது இருந்த காலம். இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். அவள் எங்கே இருக்கிறாள் என்பதைப் போனில் ஒரு நீலப் புள்ளியாகப் பார்த்துக்கொண்டேதான் நான் அலுவலகத்தில் கோப்புகளை நகர்த்துகிறேன். போன மழைக்காலத்திலிருந்து அந்தப் பழக்கம் முற்றிவிட்டது. எதிர்வீட்டு அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் அந்த மழையால்தான். அதற்கு முன் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டெல்லிக் குளிரில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவது ஒரு தனி யுத்தம். உள்சட்டை, சட்டை, அதற்குமேல் கம்பளி ஸ்வெட்டர். அபியின் கை ஸ்வெட்டர் கைக்குள் பாதியில் சிக்கிக்கொள்ளும். உள்ளே சட்டைக் கை சுருண்டு முழங்கையில் பந்தாக நிற்கும். நான் இந்தப் பக்கத்திலிருந்து தள்ளுவேன். "கையை விடுடி, நேரா விடு, ஜல்தி!" அவள் அழுவாள். கீழே பள்ளி வண்டி ஹார்ன் அடிக்கும்.

ஒரு காலை அந்தச் சத்தம் கேட்டு அக்கா வந்தார். என்னை நகரச் சொல்லவில்லை. அபியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஸ்வெட்டர் கையின் மறுமுனையில், அந்தச் சின்ன வாய் வழியாகத் தன் இரண்டு விரல்களை உள்ளே விட்டார். உள்ளே எங்கேயோ அபியின் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அபி திடுக்கிட்டுப் பிறகு கலகலவென்று சிரித்தாள். அக்காவின் விரல்கள் எப்போதும் ஐஸ்போலச் சில்லென்றிருக்கும். கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

அன்றிலிருந்து குளிர்காலம் முழுக்க ஸ்வெட்டர் போடுவது அவர் வேலை என்று ஆகிவிட்டது. அபி தன் கையை விட்டுவிட்டு, உள்ளே இருட்டில் அந்த விரல்கள் வருகிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

"நீங்க என்ன ஆராய்ச்சி பண்ணீங்கக்கா?" என்று அப்படி ஒரு காலையில்தான் கேட்டேன். அபி கிளம்பிப் போயிருந்தாள். பழைய ஸ்வெட்டர் ஒன்று நாற்காலியில் கிடந்தது. அக்கா அதை எடுத்து அதன் ஒரு கையை நீட்டிப் பிடித்தார்.

"இதான் ஏளா. இந்தப் பக்கம் நம்ம இடம். அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு நட்சத்திரம். வெளிச்சமே அங்க போய்ச்சேர வருசக்கணக்கா நடக்கணும். ஆனா வானவெளியோட நெளிவுல இப்படி ஒரு குழல் இருக்கலாம்னு கணக்கு சொல்லுது. வெளியில சுத்துனா அம்புட்டு தூரம். உள்ள போனா எங்க வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் உள்ள தூரம்."

"வார்ம்ஹோலா? டிவில காட்டுவாங்களே."

"அதேதான். டிவிக்காரன் ஒரு பேப்பரை மடிச்சு பென்சிலால குத்திக் காட்டுவான், பாத்திருக்கியா? எனக்கு ஆத்திரமா வரும். குத்துதவன் பேப்பருக்கு வெளிய நிக்கான். நாம பேப்பருக்குள்ளல்லா இருக்கோம்? நமக்கு எவன் குத்தித் தருவான்?"

பிறகு கையை எடுத்தார். ஸ்வெட்டர் கை தொய்ந்து, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து தட்டையாகத் தொங்கியது.

"பாத்தியா? இதுக்குத் தானா திறந்து நிக்கத் தெரியாது. உள்ள ஒரு கை இருந்தாத்தான் இது குழல். அந்த வழியும் அப்படித்தான். திறக்கும், திறந்த வேகத்துல மூடிரும். வெளிச்சம்கூட அந்தப் பக்கம் போய்ச்சேராது. நமக்குத் தெரிஞ்ச பொருள் எல்லாமே உள்ளுக்கு இழுக்கும். வெளிய தள்ளிப் பிடிக்கிற பொருள் ஒண்ணு வேணும். அப்படி ஒண்ணு துளியூண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவுல, ஆய்வுக்கூடத்துல தட்டுப்பட்டிருக்கு. ஒரு ஆள் நுழையிற அளவுக்கு எங்க போய் வாங்க?"

"அப்போ முடியாதுன்னு சொல்லுங்க."

அவர் ஸ்வெட்டரை மடித்தார். "முடியாதுன்னு வந்தா நிம்மதியா தூங்குவேன். முடியும்னுல்லா வருது."

அலுவலகம் விட்டு வந்ததும் அவர் அந்தக் கணக்குகளைப் போடுவார். அபிக்கு வாங்கிய சிலேட்டில்தான் போடுவார். இந்தப் பக்கம் நிறைந்ததும் அந்தப் பக்கம். இரண்டும் நிறைந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டால், "விடை தெரிஞ்ச கணக்குதான். சரியான்னு திரும்பத் திரும்பப் பாக்கேன். பூட்டுன கதவை இழுத்துப் பாக்க மாதிரி" என்பார்.

என் கணவருக்கு விண்வெளி என்றால் உயிர். ராக்கெட் விடுகிற நாட்களில் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு டிவி முன்னால் உட்காருகிறவர். அவரிடம் எதிர்வீட்டு அக்காவின் விஷயத்தைச் சொன்னதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவை எங்கள் வீட்டுக்குக் காபிக்கு அழைத்தார். எனக்கு அந்தப் பேச்சு வரிக்கு வரி நினைவிருக்கிறது, ஏனென்றால் முடிவில் என் கணவர் வாயடைத்துப்போவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"அக்கா, இதுல என்ன பிரச்சனை? முதல்ல ஒரு மெஷினை அனுப்புவோம். அது அந்தப் பக்கம் போய், 'நான் வந்துட்டேன், ஒண்ணுமில்ல, நீங்களும் வாங்க'ன்னு ஒரு சிக்னல் கொடுத்தா முடிஞ்சுது. அப்புறம் மனுஷன் போறான்."

"தம்பி, அந்த சிக்னல் எந்த வழியா வரும்?"

"அதே வழியாத்தான்."

"அப்ப அது என்ன சொல்லும்? அந்த மெஷின் போனப்ப வழி இருந்துதுன்னு சொல்லும். நீங்க போகும்போது இருக்குமான்னு சொல்லுமா?"

"ஏன் இருக்காது? ஒருத்தர் போன வழிதானே?"

"போனதாலதான் இல்லாமப் போகும்." அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "உள்ள போறவனுக்கு எடை இருக்குல்லா? அந்த எடையே குழலை அசைக்கும். முதல் ஆள் தாண்டிருவான். அவன் முதுகுக்குப் பின்னால குழலோட கழுத்து நெரிபட ஆரம்பிக்கும். அதுபோக, ஊர்ப்பட்ட வெளிச்சம் எல்லாம் அந்த வாய்க்குள்ள விழுந்து, விழுற வேகத்துல சூடேறி, உள்ள இருக்கிறவனை வறுத்துரும். தலைக்கும் காலுக்கும் இழுப்பு வேற வேற. இது எதுவும் அந்தப் பக்கம் போய் நிக்கிறவனுக்குத் தெரியாது. அவன் நல்லா இருக்கான். அவன் கண்ணுக்கு வழி திறந்தே கிடக்கு. கையைக் காட்டி வாங்கன்னு கூப்பிடுதான்." நிறுத்தினார். "அவன் பொய் சொல்லல தம்பி. அவன் பாத்தது நிசம். அதாம் பயம்."

"அப்படின்னா ரெண்டாவது ஆள் போகவே முடியாதா?"

"முதல் ஆள் திரும்பி வரணும். இந்தப் பக்கம் வந்து நிக்கணும். அப்புறம் ரெண்டு பேரும் சேந்து போகணும்."

"சேர்ந்து போனா மட்டும் மூடாதா?"

"மூடும். ஆனா ரெண்டு பேரும் உள்ள இருப்பாவ" என்றார் அக்கா. எழுந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, வாசலுக்குப் போனார்.

அந்தக் கைகளை நான் அதற்கு முன்பும் கவனித்திருந்தேன். எங்கேயாவது முதலில் போய்ச்சேர்ந்துவிட்டால் அவர் உடனே கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். பஸ்ஸில் ஏறி இடம் பிடித்தாலும் சரி, சப்ஜி மண்டியில் எனக்கு முன்னால் நல்ல காலிஃப்ளவரைக் கண்டுபிடித்தாலும் சரி. கூப்பிட மாட்டார். கையசைக்க மாட்டார். நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இல்லையென்றால் வந்த வழியே திரும்பி என்னிடம் நடந்து வருவார். கூட்டத்தில் எத்தனை முறை கடிந்துகொண்டிருக்கிறேன். "அங்கேர்ந்தே ஒரு குரல் கொடுத்தா என்னக்கா? நானே வந்திருப்பேன்ல?"

"வந்திருப்ப" என்பார். அவ்வளவுதான்.

ஜனவரி மாதத்து வெயில் ஒரு ஞாயிறன்று தலைகாட்டினால் டெல்லியே பூங்காவில் விழுந்து கிடக்கும். காலனிப் புல்வெளியில் நாங்கள் இரண்டு பேரும் பாயை விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அபி கொஞ்சம் தள்ளி மற்றப் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தாள். அவள் தடுக்கி விழுந்தாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஒண்ணுமில்ல, எழுந்து வா, வா இங்க" என்று கையை நீட்டினேன். அவள் எழுந்து ஓடிவந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் பெரிய பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து அவள் காதோரமாகப் போனது. ஒன்றும் ஆகவில்லை. அபி என் மடியில் வந்து விழுந்தாள்.

நிமிர்ந்து பார்த்தபோது அக்கா முகத்தில் ரத்தம் இல்லை. மடியிலிருந்த பட்டாணி எல்லாம் புல்லில் கிடந்தது.

வெகுநேரம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு சொன்னார்.

"ரிங் ரோட்டுல. மோதி பாக் பக்கம். அப்ப அங்க மேல்பாலம் ஒண்ணும் கிடையாது. நாங்க ரெண்டு பேரும் காய்கறி வாங்கிட்டு வாரோம். அவுக கையில பை. நான் வெறுங்கை. நான் ஓடித் தாண்டிட்டேன். நடுவுல திட்டு இருக்குல்லா, அதுல ஏறி நின்னு திரும்பிப் பாத்தேன். ரோடு காலி. 'வாங்க, வழி இருக்கு'ன்னு கையக் காட்டுனேன்."

அபி அவர் மடியிலிருந்த பட்டாணியை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"அவுக ரோட்டப் பாக்கல. என்னையப் பாத்தாவ. நான் கூப்பிட்டேன்லா, சிரிச்சுக்கிட்டே இறங்குனாவ."

  அசட்டுத்தனமாக, ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதற்காக, நான் கேட்டேன். "அக்கா, அந்த வழியில போனா பழைய நாளுக்குத் திரும்பிப் போகலாம்னு டிவில சொன்னாங்களே. அதெல்லாம் நிஜமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று புரிந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எத்தனையோ முறை தனக்குத் தானே பதில் சொல்லிப் பார்த்தவர்போல நிதானமாகச் சொன்னார்.

"குழலோட ஒரு வாயை எடுத்து அதிவேகமா ஓட்டிட்டு வந்தா, அந்த வாய்க்கு வயசு குறைவா ஆகும். அந்த வாயில நுழைஞ்சு இந்த வாயில நேத்தைக்குள்ள போய் இறங்கலாம். கணக்கு அப்படித்தான் வருது. நேத்தைக்குப் போன வெளிச்சமே சுத்திச் சுத்திப் பெருகி, வழியை வெடிக்க வச்சிரும்னு சொல்லுதவங்களும் உண்டு. அது இருக்கட்டும். ஆனா ஒண்ணு ஏளா. அந்த வழியை என்னைக்குச் செஞ்சமோ அன்னைக்கு வரைக்குந்தான் பின்னால போகலாம். அதுக்கு முந்துன நாளுக்குப் போக முடியாது. அந்தப் பக்கம் வாயே கிடையாதே."

ஒரு பட்டாணித் தோலை விரலால் பிளந்தார்.

"அவுக போன அன்னைக்கு யாரும் வழி செஞ்சு வைக்கல."

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. கீழ்வீட்டு மாமியிடம் நான் அந்த விஷயத்தைச் சொல்லவும் இல்லை. மாமி முத்து உதிர்வதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் பேச்சை மாற்றினேன்.

அபிக்கு ஆறு வயதானபோது எங்கள் பிளாக்குகளை இடித்து உயரமாகக் கட்டப்போகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டி கட்டியது. லாரியில் சாமான் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வீடு போய், "புது வீட்டுக்குக் கண்டிப்பா வாங்க" என்று சொல்லி விலாசம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கா கிளம்பும்போது விலாசம் கொடுக்கவில்லை. எங்கே போகிறார் என்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை. எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வந்து அபியின் தலையைத் தடவினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். சில்லென்ற விரல்கள்.

"நானே வாரேன்" என்றார். "நீங்க தேடிக்கிட்டு வர வேண்டாம். நான் வாரேன்."

வரவில்லை. கொஞ்ச நாளில் அவர் போன் நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. அந்தப் பக்கத்தில் ஒரு ஹிந்திக்காரர் எரிச்சலோடு பேசினார். எனக்கு மனத்தாங்கல்தான். அத்தனை நாள் எதிரெதிரே இருந்துவிட்டு, ஒரு தடவை 'வீட்டுக்கு வா' என்று சொல்ல மனம் வரவில்லையே என்று. காரணம் தெரிந்திருந்தும் மனத்தாங்கல். பிறகு மறந்தேன். பிள்ளை, பள்ளி, அலுவலகம், மாமியார் ஆபரேஷன். ஒருவரை மறப்பதற்கு டெல்லியில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

இனி போன மழைக்காலம்.

எங்கள் இப்போதைய வீட்டுக்குப் போக ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கச் சாலை உண்டு. சுற்றிப் போனால் அரைமணி நேரம். உள்ளே போனால் இரண்டு நிமிஷம். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று மாலை லோதி ரோடு அலுவலகத்திலிருந்து ஆட்டோவில் வந்தேன். நல்ல மழை. சுரங்கத்துக்குள் சக்கரம் லேசாக நனைகிற அளவுக்குத் தண்ணீர். ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே தாண்டினார். அந்தப் பக்கம் ஏறியதும் பால் வாங்க இறங்கிக்கொண்டேன். கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றபோது போன் அடித்தது.

அபி. அவளும் கல்லூரியிலிருந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள். சுரங்கத்தின் அந்த வாயில் நின்றிருந்தாள்.

"மம்மி, நீ தாண்டிட்டியா? ஆட்டோ பையா போகலாமான்னு கேக்கறாரு. பானி இருக்கா உள்ள?"

நான் நின்ற இடத்திலிருந்து சுரங்கத்தின் வாய் தெரிந்தது. இப்போதுதான் தாண்டி வந்திருக்கிறேன். என் செருப்புகூட நனையவில்லை. இன்னொரு ஆட்டோவும் எனக்குப் பின்னால் ஏறிவந்திருந்தது. பக்கத்திலேயே ஒரு ஆள், மூடிய கடையின் ஷட்டருக்கு முன்னால் நின்று, அந்தப் பக்கத்திலிருந்த ஸ்கூட்டர்காரனுக்குக் கையசைத்துக் கத்திக்கொண்டிருந்தான். "ஆ ஜா! ஆ ஜா பாய், குச் நஹி ஹை!" வா தம்பி, ஒன்றுமே இல்லை.

"மம்மி? ஹலோ? வரட்டுமா?"

வாயைத் திறந்துவிட்டேன். அந்தச் சொல் நாக்கு நுனியில் இருந்தது. எத்தனை சின்னச் சொல். என் வலது கை, போன் இல்லாத கை, தானாகவே உயர்ந்திருந்தது. அவளுக்கு அது தெரியக்கூட வாய்ப்பில்லை. ஆனாலும் கூப்பிடுவதற்கென்று உயர்ந்திருந்தது. அதைப் பார்த்தேன். அப்போதுதான், ஏனென்று தெரியவில்லை, மடியிலிருந்து பட்டாணி சிதறுகிற சத்தம் காதுக்குள் கேட்டது.

"அங்கயே நில்லு" என்றேன். "ஆட்டோவை விட்டு இறங்கு. நான் வரேன்."

"என்னது? ஏன்? நீ அங்க, நான் இங்க, ரெண்டு நிமிஷம்—"

"இறங்குடி! நான் வரேன்."

தண்டவாளத்துக்கு மேலே ஒரு நடைபாலம் உண்டு. இரும்புப் படிகள். பால் பாக்கெட்டை எங்கே போட்டேன் என்று தெரியாது. மழையில் பாதிப் பாலம் ஏறியபோது கீழே இரைச்சல் கேட்டது. ஏதோ மதகு திறந்ததுபோல, பக்கத்துச் சாலையில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமாகச் சரிந்து சுரங்கத்துக்குள் இறங்கியது. நான் நின்றேன். அந்த ஸ்கூட்டர் அப்போது உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதன் முன்விளக்கு தெரிந்தது. பிறகு தண்ணீருக்கு அடியில் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

யார் யாரோ கத்தினார்கள். கயிறு கொண்டுவந்தார்கள். ஒருவனை இழுத்துக் கரையேற்றினார்கள். மூச்சிருந்ததா என்று எனக்குத் தெரியாது. வண்டி வந்து எடுத்துப்போனது. மறுநாள் நான் செய்தித்தாளைத் திறக்கவில்லை. இன்றுவரை தேடிப் பார்க்கவில்லை. எனக்கு நினைவில் நிற்பது அவன் இல்லை, கடை ஷட்டர் முன்னால் நின்ற அந்த ஆள். கூப்பிட்ட கை அப்படியே அந்தரத்தில் நின்றிருந்தது. அதைக் கீழே இறக்க அவனுக்குத் தெரியவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்தது நிஜம்.

கயிறு வருவதற்கு முன்பே நான் ஓடி அந்தப் பக்கம் இறங்கியபோது அபி ஒரு மரத்தடியில் சொட்டச் சொட்ட நனைந்து, கோபமாக நின்றிருந்தாள். சரிவுக்குக் கீழே நடந்தது அவளுக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. அவளை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"ஏன் மம்மி இப்படி ஓடிவந்த? ஒரு வார்த்தை வான்னு சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்ல?"

 இன்றைக்கும் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது, குக்கர் விசில் அடிக்கும்போது, சில சமயம் நான் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டதாகவே தோன்றிவிடுகிறது. என் குரலே கேட்கிறது. 'வா, ஒண்ணுமில்ல.' உடனே போனை எடுத்து நீலப் புள்ளி எங்கே என்று பார்க்கிறேன். அது நகர்ந்துகொண்டிருக்கும்வரை பார்க்கிறேன்.

அதன்பிறகு எனக்கு அந்தச் சொல் வருவதில்லை. தீபாவளிக்கு வந்த நாத்தனார் வாசலில் நின்றார். நான் கதவைத் திறந்து, சிரித்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் அவர் பக்கத்தில் நின்றேன். "வாங்கன்னு சொல்ல மாட்டீங்களா அண்ணி?" என்று அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் முகம் சுருங்கிவிட்டது. என் கணவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்தக் காபி டம்ளர் அவருக்கும் நினைவிருக்கும்.

இந்தக் குளிர்காலத்தில் என் வலது தோள் இறுகிப்போய்விட்டது. இந்த வயதில் பெண்களுக்கு வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். கையைத் தூக்கினால் உயிர் போகிறது. நேற்றுக் காலை ஸ்வெட்டர் போட முயன்று கை பாதியில் சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. வலியில் கண்ணில் நீர் வந்தது. அபி தலைவாரிக்கொண்டிருந்தவள் சீப்பை வைத்துவிட்டு வந்தாள். என் முன்னால் நின்று, ஸ்வெட்டர் கையின் மறுமுனை வழியாகத் தன் விரல்களை உள்ளே விட்டாள். தேடி என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். மெல்ல, வலிக்காமல், வெளியே கொண்டுவந்தாள்.

"இது எங்கடி கத்துக்கிட்ட?"

"தெரியல. நீதானே எனக்கு இப்படிப் போட்டுவிடுவ?"

"நான் இல்லை."

அவள் யோசித்தாள். இன்னும் என் விரல்களை விடவில்லை.

"ஆமா, நீ இல்ல" என்றாள். "உன் கை சூடு. அது ஜில்லுனு இருக்கும்."